நெறஞ்ச தொட்டியும் காஞ்ச கீரையும்

மதரசா ஹாஸ்டலுக்குப் பணம் குடுக்கற நூர்முகமது ஹாஜியார் போன மாசமே பட்டுனு சொல்லிட்டுப் பூட்டாரு. "மழையும் இல்ல, அரிசி வெலயும் ஏறிகினே கீது. தோட்டத்துல வெளையறத வச்சு கொழம்புச் செலவு ஓடுனாத்தான் ஹாஸ்டல். இல்லாங்காட்டி நாப்பது பசங்களையும் வூட்டுக்கு அனுப்பிடு. அடுத்த மாசம் மொத வெள்ளிக்கெழம வந்து பாப்பேன்."

கேளம்பாக்கத்துக்குக் கெழக்கால, உப்பளம் தாண்டி இருந்த அந்த மதரசாவுக்கு மொய்னுதீன் வார்டனா வந்து நாலே மாசம். பசங்க வூட்டுக்குப் போனா ஒரு வேளச் சோறுதான்னு அவனுக்குத் தெரியும். வுடக்கூடாதுன்னு யோசிச்சு யோசிச்சு ஒண்ணு கண்டுபுடிச்சான். தண்ணிய மிச்சம் புடிக்கணும்!

தொழுகைக்கு முன்னாடி கை, மூஞ்சி, கால் கழுவி ஒளு செய்யறதுக்குப் பசங்க சொம்பு சொம்பா ஊத்திகினு இருந்தானுங்க. மொய்னுதீன் பெஞ்சு மேல ஏறி ஒரே பயான். "ஓடற ஆத்தாங்கரைல ஒளு செஞ்சாக்கூட வீணாக்காதன்னு நபிகள் நாயகம் சொல்லிக்கீறாங்க. நம்மகிட்ட இன்னா, ஆறா கீது? ஆளுக்கு ஒரு சொம்பு. அவ்ளோதான்!"

பசங்க தங்கமா கேட்டானுங்க. அரை சொம்புல முடிக்கறதுக்குப் போட்டி வேற. ஒரே வாரத்துல தொட்டி தளதளன்னு நின்னுச்சு. கோடைக்கு ஆவும்னு மொய்னுதீன் அதுக்கு மூடி வச்சு ஒரு பூட்டுப் போட்டான். தெனம் அஞ்சு வேளையும் தண்ணி அளந்து குடுக்கத் தொறந்து, எட்டிப் பாத்து சிரிச்சுகினே போவான்.

தோட்டந்தான் சிரிக்கல. கீரை தலயத் தொங்கப் போட்டுச்சு. கத்திரி சுருண்டுச்சு.

சமையக்கட்டு சுல்தான் பீவி முறத்தோட வந்து நின்னுச்சு. "தம்பி, இந்தக் கீரய கொழம்புல போடறதா, அடுப்புல போடறதா?"

உப்புக் காத்துதான் காரணம்னான் மொய்னுதீன். மறுநா புழுன்னான். அதுக்கு மறுநா பக்கத்து நெலத்துக் கண்ணாயிரத்தோட ஆடுன்னான். கடைசில நாப்பது பசங்களையும் மணல்ல நிக்க வச்சு மழைக்குத் தொழுதான். மழை வரல. வெள்ளிக்கெழமதான் வந்துச்சு.

அன்னிக்குப் பகல்ல கண்ணாயிரமே வந்துட்டாரு. மொய்னுதீன் வர்றதுக்கு முன்னாடி தோட்டத்த வெட்டிக் குடுத்ததே அவருதான். ஆட்டு மேல பழி போட்ட கோவம் வேற. தோட்டத்தோரம் வெடிச்சுக் கெடந்த கால்வாய உத்துப் பாத்தாரு.

"இன்னா பாய், பசங்க இப்பல்லாம் தொழுவறதில்லயா?"

"யோவ்! அஞ்சு வேளையும் தொழுவறானுங்க!"

"அப்ப கால் கழுவற தண்ணி எங்க? அது வரத்தானே இந்தக் கால்வாய வெட்டுனேன். தோட்டத்துக்குத் தண்ணி எங்கேந்து வருதுன்னு நெனச்ச? மானத்துலேந்தா?"

மொய்னுதீன் திரும்பி தொட்டிப் பூட்டப் பாத்தான். அதுக்குள்ள வாசல்ல ஹாஜியார் காரு.

நேரா தோட்டத்துக்குப் போன ஹாஜியாருக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. "ஜும்மா தொழுகை முடியட்டும், பேசிக்கலாம்"னு ஒளு செய்ய உக்காந்தாரு. மொய்னுதீன் ஓடிப்போய் பூட்டத் தொறந்து, அவனே மொண்டு ஊத்துனான். ரெண்டாவது சொம்பு. அஞ்சாவது சொம்பு.

"போதும்பா, வீணாவுது!"

"கால்ல மண்ணு கீது ஹாஜியாரே, இன்னொரு தபா... டேய், நீங்களும் வாங்கடா! தாராளமா ஊத்திக்கங்க!"

பசங்க வாயப் பொளந்துகினு வந்தானுங்க. நாப்பது பேரு தண்ணியும் சலசலன்னு கால்வாய்ல ஓடி கீரப் பாத்தில பாஞ்சுச்சு. ஹாஜியார் அது போற வழியையே பாத்தாரு.

"அட, ஒரு சொட்டு வீணாவலயே! யாரு யோசன இது?"

கண்ணாயிரம் வெத்தல மென்னுகினே சொன்னாரு: "பாய்தான். தண்ணி விஷயத்துல ரொம்ப கெட்டி அவரு."

"நல்லது. நோம்பு வரைக்கும் பசங்க இருக்கட்டும், பாக்கலாம்." ஹாஜியார் எழுந்து கால ஒதறிகினே திரும்புனாரு. "ஆமா, தொட்டிக்கு எதுக்குப்பா பூட்டு?"

மொய்னுதீன் பூட்ட ஜிப்பா பாக்கெட்ல போட்டுகினான்.

"ஆடு வந்து குடிச்சிடுது ஹாஜியாரே."

கண்ணாயிரம் வெத்தலயத் துப்பிட்டாரு.