சிதம்பரத்தில் பார்த்த இரண்டு மிஷின்கள்

கடலூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ஸ்ரீதர் மச்சானுக்கு,

இளவரசு எழுதுவது. நீங்கள் சொன்ன பெரிய மிஷினை நாங்கள் வாங்கவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே கோபித்துக்கொள்வீர்கள், அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

புவனகிரியில் மோட்டார் கடை வைத்திருக்கும் பக்கிரி அண்ணன், செல்போனிலிருந்து பம்பு செட்டை ஓட்டும் பெட்டிக்கு இருநூறு எலக்ட்ரானிக் போர்டு கேட்டார். இருபது நாள் கெடு. நானும் உங்கள் தங்கை வினோதினியும் பொடிப் பொடி உதிரிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் ஒரு நாளைக்கு எட்டு போர்டுதான் தேறும். செவ்வாய் மாலைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேலை கோயம்புத்தூருக்குப் போய்விடும். அன்று காலையே, உதிரிகளை எடுத்து போர்டில் வைக்கும் மிஷின் பார்க்கச் சிதம்பரம் கிளம்பினோம். எங்கள் போர்டையும் உதிரிகளையும் கையோடு கொண்டுபோனோம்.

மிஷின் விற்கும் ராஜவேல் முதலில் நீங்கள் சொன்னதைத்தான் ஓட்டிக் காட்டினார். பழசுதான், ஆனால் ஆறு மூக்கு! பெரிய ரீல்களிலிருந்து உதிரிகளை உறிஞ்சி எடுத்து டக்டக்கென்று வைத்துத் தள்ளியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "இதுதான்!" என்று சொல்லியும்விட்டேன்.

வினோதினி பையைத் திறந்து எங்கள் உதிரிகளை மேசையில் பரப்பினாள். நாங்கள் நூறு, ஐம்பது என்றுதானே வாங்குகிறோம்? உதிரிகளை வரிசையாகப் பதித்து, ரீலிலிருந்து வெட்டிக் கொடுத்த காகிதப் பட்டைகள், நீளமானதே ஒரு முழம்தான்.

ராஜவேல் சிரித்துவிட்டார். "என்னாம்மா, பூ வாங்குற மாதிரி மொழம் போட்டு வாங்கியாந்திருக்கீங்க?"

"அதுக்குத்தான் கேக்குறேன். இது அதுல மாட்டுமா?"

மாட்டிப் பார்த்தார். பட்டையின் முனையை உள்ளே இழுத்துப் பிடிப்பதற்கே ஒரு சாண் போய்விட்டது. முழத்தில் பாதி வீண்.

"ரீலா வாங்கிடுங்க, எல்லாம் சரியாப் பூடும்."

"ஒரு ரீல்ல அஞ்சாயிரம் உதிரி. பதினெட்டு தினுசுக்கும் ரீலு வாங்கி எங்க போடுறது?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "எங்கண்ணன் கம்பெனிக்கு ரீலு லாரில வருது. நமக்குக் கவர்ல வருது. மாமனும் மச்சானும் நல்லா பாத்தீங்க மிஷினு!"

அடுத்ததாக ராஜவேல் ஒரு சின்ன மிஷினைக் காட்டினார். இரண்டே மூக்கு, விலை பாதிக்கும் கீழே. பட்டைகளைத் தட்டில் ஒட்டிவைத்தால் போதும். கேமரா பட்டையின் ஓட்டைகளைப் பார்த்து உதிரி எங்கே இருக்கிறதென்று கண்டுகொள்கிறது. எங்கள் போர்டின் விவரத்தைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆனது. பிறகு ஓட ஆரம்பித்தது. நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்பத்திரண்டு உதிரி, நாலு நிமிடம், பத்து வினாடி! வினோதினி இடுக்கியோடு குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, ஒண்ணுகூட கோணல் இல்லீங்க!"

அங்கிருந்தே பக்கிரி அண்ணனைக் கூப்பிட்டேன்.

"முடியுமா முடியாதா, அத மொதல்ல சொல்லு."

"பத்து நாள் போதும்ணே."

"வேலய வெளில யார்கிட்டயாவது குடுத்து வாங்கப் போறியா?"

"நம்ம மிஷின்ணே!"

"அப்டீன்னா முன்னூறா போடு. ஜாஸ்தி பேசாம வேலயப் பாரு."

மச்சான், மிஷின் நேற்றே கடலூர் வந்துவிட்டது. இதை எழுதும்போது பதினேழாவது போர்டு ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் இருநூற்று எண்பத்து மூன்று. "லெட்டரு அப்பறம் எழுதலாம், அடுத்த போர்டுக்கு ஈயப் பேஸ்ட் தடவுங்க" என்று உங்கள் தங்கை கத்துகிறாள். போகிறேன்.

இப்படிக்கு,
இளவரசு