சிலாஸ் அராவிய தட்டு

எங்கள் வீட்டுக்குள் தொழிற்சாலை இரும்பு வந்ததில்லை. என் தகப்பனார் லாலாகுடா ரயில்வே பணிமனையில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் பார்த்தவர். வேலை முடிந்து வந்ததும் வாசற்படியிலேயே சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றையும் வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். தவறி ஒரு வாஷர் வந்திருந்தால் மறுநாள் காலை அதுதான் அவருக்கு முதல் வேலை. ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து நானும் அப்படியே. ஏனோக் முத்திரை வைத்த பாகம் திரும்பி வராது என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரைத் தவிர நான் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை.

ஒரு பழைய ஃபியட் மட்டும் உண்டு. அறுபத்திரண்டாம் வருடத்து வண்டி. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் எப்போதோ போட்டாயிற்று. பின் சக்கரங்களில் மட்டும் பழைய டிரம் பிரேக். எண்பத்து மூன்று ஜூலை மழையில் லிங்கம்பள்ளி ரயில் பாலத்தின் அடியில் தேங்கிய தண்ணீரைத் தாண்டி மேலே ஏறி பிரேக்கை அழுத்தினேன். மூடிய டிரம்முக்குள் புகுந்த தண்ணீர் வெளியேறவில்லை போலும். ஒரு பின் சக்கரம் பிடித்தது, மற்றது வழுக்கியது. வண்டி குறுக்கே திரும்பி ஒரு லாரியின் முன்னால் நின்றது. பின் இருக்கையில் என் மகள் கனகமணி. ஐந்து மாதக் கர்ப்பிணி.

இனி அவள் அந்த வண்டியில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மருமகன் சிலாஸ் அதே தொழிற்சாலையில் டூல் ரூம் ஃபிட்டர். நான் அதிகாரி, அவர் தொழிலாளி. பெண் கொடுத்தபோது சபையில் சிலர் அதைக் கிசுகிசுத்ததும் உண்டு. இரண்டு நாள் கழித்து வந்து, "பின்னாலயும் டிஸ்க் போட்டிருவோம் மாமா. தண்ணி நிக்காது" என்றார். ஜும்மேராத் பஜார் பழைய சாமான் சந்தையில் உடைத்துப்போட்ட வெளிநாட்டுக் கார் ஒன்றிலிருந்து இரண்டு டிஸ்க்கும், அவற்றை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் இரண்டு காலிப்பரும் வாங்கி வந்தார். ஆனால் டிரம்முக்காகச் செய்த அச்சில் காலிப்பர் உட்காராது. நடுவே கனமான எஃகுத் தட்டு ஒன்று வேண்டும், பக்கத்துக்கு ஒன்றாக. அந்தத் தட்டு ஒரு முடியளவு கோணினாலும் காலிப்பர் டிஸ்க்கைச் சரியாகப் பிடிக்காது.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலாஸ் செய்த முதல் தட்டு எண்ணெய்த் துணியில் சுற்றி வண்டி இருக்கையில் இருந்தது. பழக்கதோஷம், என் மைக்ரோமீட்டரை எடுத்து எட்டு இடங்களில் அளந்தேன். எட்டிலும் ஏறக்குறைய ஒரே கனம். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு; தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒன்றுகூட வராது. மேல்பரப்பு எமரித் தாளால் தேய்த்துப் பளபளவென்று இருந்தது.

இப்படி ஒரு தட்டு கிரைண்டிங் இயந்திரத்தில் மட்டுமே வரும். அந்த இயந்திரம் மருமகனின் டூல் ரூமில் இருக்கிறது. கம்பெனி இயந்திரத்தில் சொந்த வேலை செய்வது திருட்டு, வேலை போகும். அதுவும் என் காருக்காக.

சனிக்கிழமை மதியம் டூல் ரூம் ஃபோர்மன் ஆரோக்கியசாமியிடம், "உங்க கிரைண்டர்ல பிரைவேட் வேலை எதும் ஓடிச்சா?" என்று கேட்டேன்.

"யாருக்கு சார்?"

"சிலாஸுக்கு."

சுற்றி நின்ற நாலு பேர் காதிலும் விழுந்தது.

அன்று மாலை அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். கதவைத் திறந்த கனகமணி என் கைகளைப் பார்த்தாள்.

"விலங்கு கொண்டு வரலியாப்பா?"

"என்னத்துக்கு விலங்கு?"

"திருடனைப் பிடிக்கத்தான வந்திருக்கீங்க. கம்பெனி பஸ் மூணு ஸ்டாப் தாண்டுறதுக்குள்ள எங்காதுக்கு வந்துட்டு."

"நக்கோ, கனகம், வேண்டாம். மாமா உக்காரட்டும்" என்று பின்பக்கமிருந்து சிலாஸின் குரல் வந்தது.

துணி துவைக்கும் கல்லில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் ஒன்று பொருத்தியிருந்தது. அதில் இரண்டாவது தட்டு. பக்கத்தில் நாலைந்து அரங்கள், ஒரு கனத்த கண்ணாடிப் பலகை. தேங்காயெண்ணெயில் குழைத்த துணி நீலத்தைக் கண்ணாடியில் பூசி அதன்மேல் தட்டை வைத்து நகர்த்தினார் சிலாஸ். திருப்பியபோது தட்டில் அங்கங்கே நீலத் திட்டுகள். நீலம் ஒட்டிய இடம் மேடு. அந்த மேட்டை மட்டும் அரத்தால் வருடினார். மறுபடி கண்ணாடி, மறுபடி நீலம், மறுபடி அரம்.

நான் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்தேன்.

சிலாஸ் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைத் தட்டின் மேல் ஓட்டினார். "இந்த மூலைல மூணு பாயிண்ட் நிக்கி. அளந்து பாருங்க மாமா."

அளந்தேன். நூறில் மூன்று. சரியாக மூன்று.

பதினோரு முறை அரம் போட்டார். "இப்ப?"

"ஒண்ணு."

"பூசின நீலமே அவ்வளவு இருக்கும். தொடச்சுட்டு அளங்க."

துடைத்து அளந்தேன். முள் முனையளவும் மிச்சமில்லை. என் கையிலிருந்த மைக்ரோமீட்டர் திடீரென்று விளையாட்டுச் சாமானாகத் தெரிந்தது. இத்தனை வருடம் நான் அளந்ததெல்லாம் இயந்திரம் செய்ததை. நுட்பம் இயந்திரத்துக்கு மட்டுமே சொந்தம் என்று நம்பியவன், மனிதன் கையில் அதைப் பார்த்ததும் திருட்டு என்று பெயர் வைத்துவிட்டேன்.

"எத்தனை நாளா?"

"மொதத் தட்டு இருபத்தாறு நாள். இது பத்தொம்பது."

"வயித்துல கெடக்குறதுக்கு இந்தச் சத்தந்தான் தாலாட்டு" என்றாள் கனகமணி. "நிறுத்தினா உதைக்கி."

"வெளிய ஒரு பட்டறைல குடுத்திருக்கலாமே, மாப்ள?"

"சனத்நகர்ல கேட்டேன். ஓட்ட வண்டிக்கு டிஸ்க்கான்னு சிரிச்சாங்க. கம்பெனி மிஷின உங்க வீட்டு வேலைக்குத் தொடக்கூடாது. அது தெரிஞ்சுதான உங்க மகளக் கட்டினேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

திங்கட்கிழமை அந்த முதல் தட்டை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை வாயிலுக்குப் போனேன். வெளியே கொண்டுபோகும்போது கேள்வி வரக் கூடாது என்று உள்ளே நுழையும்போதே பதிவேட்டில் எழுதச் சொன்னேன். காவலாளி தலையைச் சொறிந்தார்.

"எல்லாரும் இரும்பை வெளிய கொண்டுபோகத்தான் சார் வழி தேடுவாங்க. நீங்க உள்ள கொண்டு வர்றீங்க!"

"எழுதுங்க. எஃகுத் தட்டு ஒண்ணு. செய்தவர் சிலாஸ். செய்த இடம் வீடு."

டூல் ரூமில் எல்லோரும் இருக்கும்போது அதை அளவு மேசையில் வைத்தேன். ஆரோக்கியசாமி டயல் கேஜின் முள்ளைத் தட்டின் மேல் இறக்கி, மெதுவாக இழுத்தார். முள் நின்ற இடத்திலேயே லேசாக நடுங்கியது, அவ்வளவுதான்.

"நல்லாத்தான் கிரைண்ட் பண்ணியிருக்கான்" என்று யாரோ சிரித்தார்.

நான் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். "நடு ஓட்டைக்குள்ள பாருங்க. எமரித் தாள் எட்டாத இடம்."

ஆரோக்கியசாமி குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. வட்டத்தின் உள்சுவர் முழுவதும் அரத்தின் பல் பதிந்த கோடுகள், ஆயிரக்கணக்கில், ஒன்றை ஒன்று வெட்டியபடி. நிமிர்ந்தவர் சிலாஸின் வலது கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்.

"அடப்பாவி" என்றார் மெல்ல. "கைதானாய்யா இது?"

ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். ஓடிக்கொண்டிருந்த ஒரு லேத்தைக்கூட யாரோ நிறுத்திவிட்டார்கள். ஆராதனையில் தலைகள் கவிழும் நேரத்தில் வரும் அமைதி அது.

"சனிக்கிழமை இதே இடத்துல நின்னு எம் மருமகன் மேல பழி சொன்னேன்" என்றேன். "தப்பு. அளக்கத் தெரிஞ்ச எனக்குப் பாக்கத் தெரியல."

சிலாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது தட்டு முடிந்த சனிக்கிழமை என் வீட்டு முற்றத்தில் வண்டியைத் தூக்கி நிறுத்தி வேலையை முடித்தார். டிரம்மைக் கழற்றி, தட்டை அச்சில் முடுக்கி, காலிப்பரை ஏற்றினார். ஒரு அட்டைத் துண்டைக்கூட இடையில் வைக்கத் தேவைப்படவில்லை. டிரம்முக்காகக் குழாயில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் குட்டி வால்வு ஒன்றையும் எடுத்துவிட்டார். இருந்தால் டிஸ்க் உரசிக்கொண்டே இருக்குமாம். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற இன்னொரு ஆள் வேண்டும்.

"மாமா, நீங்க பெடல்ல உக்காருங்க."

உட்கார்ந்தேன். வண்டிக்கு அடியிலிருந்து அவர் குரல் மட்டும்.

"அமுக்குங்க."

அமுக்கினேன்.

"பிடிங்க. பிடிங்க... ம், விடுங்க."

எனக்கு யாரும் இப்படி உத்தரவு போட்டு வருடங்கள் ஆகின்றன. ஜன்னலிலிருந்து என் மனைவி ஜெயசுந்தரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. நான் திரும்பவில்லை. முதலில் ஈரப் பஞ்சாக அமுங்கிய பெடல் ஒவ்வொரு முறையும் சற்று உயர்ந்தது. இருபதாவது முறையோ என்னவோ, பாதத்தின் கீழ் பாறை மாதிரி நின்றது.

"கியரு நூட்ரல்லதான?" என்று வெளியே வந்து பின் சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுழற்றிவிட்டார். "இப்ப அமுக்குங்க."

விரல் வைத்தாற்போல்தான் அழுத்தினேன். சுழன்ற சக்கரம் சத்தமில்லாமல் நின்றது. பக்கத்தில் நின்ற கனகமணி அதைத் தன் இரு கையாலும் திருப்பிப் பார்த்தாள். அசையவில்லை.

அவர் "விடுங்க" என்று சொல்லும்வரை நான் காலை எடுக்கவில்லை.