குறை சொல்லி வாங்கப்போன கிதார்

எத்திராஜுக்கு ஒரு பேஸ் கிதார் வேண்டும். கையில் இருந்தது ஒன்பதாயிரம். அந்தக் காசுக்குக் கிதார் கிடைக்காதா என்றால், தாராளமாகக் கிடைக்கும். கழுத்து வளைந்தது கிடைக்கும், காது கேட்காதவன் செய்தது கிடைக்கும். நல்லதுதான் கிடைக்காது.

அவனுக்குச் சோறு போட்டது அம்பத்தூர் ஓ.டி.யில் அப்பா வைத்த பாத்திரக் கடை. முகூர்த்த நாட்களில் தினகரனின் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தான். கிதார் தினகரனுடையது. கச்சேரி முடிந்து பந்தியில் பாயசம் வருவதற்குள் அது உறைக்குள் புகுந்து வேனில் ஏறிவிடும். இத்தனை வருஷத்தில் ஒரு ராத்திரிகூட ஒரு கிதார் அவன் வீட்டில் தங்கியதில்லை. மனசில் பாட்டு ஓடுகிற நேரமெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து யாருக்கோ குக்கர் வாஷர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பான். பேஸ் வாசிப்பது யார் காதிலும் விழாது என்பார்கள். நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும், மண்டபமே ஒரு சுற்று இளைத்துப்போகும்.

பழைய சாமான் விற்கிற மொபைல் ஆப்பை அவன் அலசிய அலசலில் பெண் பார்க்கிற வீட்டார் பிச்சை வாங்க வேண்டும். ஆவடியில் ஒன்றைப் போய்ப் பார்த்தான். கழுத்து வில்லாக வளைந்திருந்தது. "அம்பு தனியா விக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தான். கொரட்டூரில் பேஸ் என்று போட்டிருந்ததைத் திறந்தால் சாதாரண ஆறு கம்பிக் கிதார். "பேஸுக்கு நாலு கம்பிதானே?" என்றதற்கு, "ரெண்டு கம்பி சேத்தே தரேன், அதுக்கு காசா கேட்டேன் நைனா?" என்றான் விற்றவன்.

மூன்றாவது நூம்பலில். ஜப்பான்காரன் சரக்கு, கருநீலம், சின்ன ஆம்ப்ளிஃபயரும் சேர்த்துப் பதினாலாயிரம். பதினாலை ஒன்பதாக்குவது வியாபாரி வீட்டில் பெரிய வேலை இல்லை. வாங்குகிறவன் குறை சொல்ல வேண்டும், விற்கிறவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும், அந்த நேரம் பார்த்து வாங்குகிறவன் மனைவி எழுந்து வாசலைப் பார்க்க வேண்டும். ஃப்ரிட்ஜும் பீரோவும் இப்படி வந்தவைதான். அவன் மனைவி தாட்சாயிணி ஆவடி வெங்காய மண்டிக்காரர் மகள். அவள் எழுந்தால் விலை உட்கார்ந்துவிடும்.

"யோவ், அத்தப் பாத்ததும் இளிக்காதே," என்றாள் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து. "பதினாலு பதினாறாயிடும்."

"எனுக்குத் தெரியாதா?"

"தெரியும் தெரியும். என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப நீ இளிச்ச இளிப்பப் பாத்துத்தான் எங்க நைனா சீர்ல ரெண்டு அண்டாவக் கொறச்சாரு."

முதல் மாடியில் கதவைத் திறந்தவள் கிருஷ்ணப்பிரியா. ஐ.டி. வேலை, ஊர் கும்பகோணம் பக்கம். கல்லூரி முடித்த ஜோரில் கிதார் வாங்கி, நாலு பாடம் கற்று, அதோடு பரணில் போட்டவள்.

உறையிலிருந்து வெளியே வந்ததும் எத்திராஜ் அதைக் கையில் வாங்கிக்கொண்டான். ஒரு கண்ணை மூடிக் கழுத்தை நீளவாக்கில் பார்த்தான். நூல் பிடித்த மாதிரி இருந்தது. கட்டம் கட்டமாகக் கம்பியை அழுத்திப் பார்த்தான். எதுவும் கரகரக்கவில்லை. அதற்குள் அவன் மனசில் அந்தக் கிதார் அம்பத்தூருக்குக் குடிவந்து பீரோ பக்கத்தில் சாய்ந்து நின்றுவிட்டது. முகத்தை மட்டும் இழவு வீட்டு முகமாக வைத்துக்கொண்டான்.

"நெக்கு வளைஞ்சிருக்கே மேடம்."

"அப்படியாண்ணா?"

"உள்ள சத்தம் புடிக்கிற பிக்கப்பும் வீக்கா கீது. இத்த சரி பண்ணவே அஞ்சாயிரம் ஆவும்."

இங்கே அவள் சத்தியம் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. தாட்சாயிணியோ தன் முறை தவறாமல் எழுந்தாள். "வாய்யா போலாம். ஒடஞ்சதுக்கு தண்டம் அழுவ நம்மாண்ட இன்னா கொட்டியா கெடக்குது?"

"அக்கா சொல்றது சரிதான்," என்றாள் கிருஷ்ணப்பிரியா. "எனக்கு இதெல்லாம் தெரியாதுண்ணா. நல்லாருக்குன்னு நெனச்சுப் போட்டுட்டேன். கச்சேரி வாசிக்கிறவர் தலையில போய் இதைக் கட்டினா பாவம். ஸாரி, நான் விக்கல." ஜிப்பை இழுத்து மூடினாள்.

பாத்திரக் கடையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது புதுசு. சொம்பு ஒழுகுகிறது என்று யாராவது சொன்னால் அப்பா அதிலேயே தண்ணீர் பிடித்துக் குடித்துக் காட்டுவார். வாங்க வந்தவன் சொன்ன குறையை அப்படியே நம்புகிற வியாபாரியை அந்தக் கடைத்தெரு கண்டதில்லை.

தாட்சாயிணி யாரும் சொல்லாமலே மறுபடி உட்கார்ந்தாள். "சின்னக் கொறதாம்மா. இவுரு கோயில் செலைக்கே மூக்கு கோணல்னுவாரு."

"இல்லக்கா, மனசு கேக்காது."

"ஒம்போதாயிரம் தரேன் மேடம்."

"காசுக்காகச் சொல்லலண்ணா."

"பத்து... பதினொண்ணு."

தாட்சாயிணி அவன் தொடையைக் கிள்ளினாள். இல்லாத காசுக்கு அவனே அவனை மிஞ்சி ஏலம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வளைஞ்ச கிதாருக்கு எதுக்குண்ணா ஏத்திக்கிட்டே போறீங்க?"

சொன்னது பொய் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "ஒரு தபா வாசிச்சுக் காட்டறேன். கேட்டுட்டு சொல்லுங்க."

உறையை மறுபடி திறந்து, கிதார் ஒயரை ஆம்ப்ளிஃபயரில் செருகினான். நாலு தட்டுத் தட்டிவிட்டு வைத்திருக்கலாம். அடிக்கம்பியைத் தொட்டதும் அதிர்வு தரை டைல்ஸ் வழியே உள்ளங்காலுக்கு வந்தது. அதன்பிறகு கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்து இத்தனை நாள் மனசுக்குள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம், அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக இறங்கி வந்தது. கிருஷ்ணப்பிரியா அருகில் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். டிரம்ஸும் டிரம்பெட்டும் சம்பந்தி வீட்டுக் கூச்சலும் இல்லாமல் புருஷன் வாசிப்பைத் தனியாக முதல்முறை கேட்ட தாட்சாயிணி, வாசலையும் பார்க்கவில்லை, விலையையும் நினைக்கவில்லை.

"இதுலேர்ந்தா இந்தச் சத்தம் வந்துச்சு?" என்றாள் கிருஷ்ணப்பிரியா.

"இதுலதான்."

"வளைஞ்சிருக்குன்னீங்களே?"

"வெலைக்காக சொன்னேன் மேடம். நேராத்தான் கீது. நல்ல கிதாரு."

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். கொடுக்கத்தான் வேண்டியிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. நானே வச்சுக்கறேன். இது இப்படிப் பாடும்னு தெரியாமலே பரண்ல போட்டிருந்தேன்."

கடைத்தெருவின் மொத்தப் பேச்சும் தெரிந்தவன் அவன். கிதார் உறையை மடித்து அவள் பக்கத்தில் வைத்தான். "வச்சுக்கோங்க. கம்பிய மட்டும் புதுசா மாத்துங்க," என்று எழுந்தான்.

கீழே வந்து ஸ்கூட்டரில் சாவி போடும்போது மேலே ஜன்னல் வழியாகச் சத்தம் வந்தது. அவன் வாசித்ததை அவள் தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு ஸ்வரம் சரியாக விழுந்தது. மூன்றாவது தவறியது.

"கெளம்புயா."

"வெரல ஒரு கட்டம் கீழ எறக்கணும்."

"அப்ப மேல போயி சொல்லிட்டு வாயேன்."

"இப்ப போனா அத்தத் தூக்கிகினு ஓடியாந்துடுவேன் தாட்சா."

தாட்சாயிணி வண்டியிலிருந்து இறங்கி, கேட்டுக்குப் பக்கத்தில் நிழலாகப் பார்த்து நின்றுகொண்டாள். மேலே மறுபடி இரண்டு சரி, மூன்றாவது தப்பு.

"அவ சரியா வாசிச்சதும் போயிடலாம்," என்றான் எத்திராஜ். அவள் சரியாக வாசிக்காமலே இருந்தால் தேவலை என்றது அவன் முகம்.