ஆலை வாசலில் ஒரு துண்டு

"கள்ளக்குறிச்சி வாழ் பெருமக்களுக்கும், கல்வராயன் மலைவாழ் பெருமக்களுக்கும், சிக்னல் கிடைக்கும் பட்சத்தில் உலக மக்களுக்கும் இந்த அவசர அறிக்கை வெளியிடப்படுகிறது. டிராக்டரின் வேகம் குறைக்கப்படாது. ஜீப்பின் வேகம் கூட்டப்படாது. ஆயினும் சமநிலை நிலைநாட்டப்பட்டே தீரும். இவண், தீனதயாளன், நிறுவனத் தலைவர், சமநிலைக் குழு."

அறிக்கை வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கூடவே தலைவர் கைகூப்பி நிற்கும் படமும் வந்தது. தலைவரின் எல்லா அறிக்கைக்கும் அதே படம்தான். கரண்ட் போகும் என்ற அறிவிப்புக்கும் அதே சிரிப்புதான்.

விஷயம் இதுதான். 'ஆலை வாசல்' என்பது நம்மூர்ப் பிள்ளைகள் கூடிச் செய்த ஆன்லைன் விளையாட்டு. தரை அணி டிராக்டரில் கரும்பு ஏற்றி வரும். மலை அணி ஜீப்பில் மரவள்ளிக்கிழங்கை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும். சர்க்கரை ஆலைக்கு மரவள்ளி எதற்கு என்று கேட்கக் கூடாது. கேட்டவர்களைக் குழுவிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். வாசலில் ஒரு நேரத்துக்கு ஒரு வண்டிதான் நுழையலாம். முதலில் நுழைகிற அணிக்கு வெற்றி.

வெற்றி எப்போதும் தரைக்குத்தான். டிராக்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, சிக்னல்தான் வில்லன். மலை அணித் தலைவர் மாரி, வெள்ளிமலையில் தண்ணீர்த் தொட்டிமேல் நின்றுகொண்டு விளையாடுவார். உட்கார்ந்தால் ஒரு கோடு குறையும். ஜீப் வாசலை நெருங்கும்போது அவர் திரை உறைந்துவிடும். மறுபடி அசையும்போது மூங்கில்துறைப்பட்டு சரத்குமாரின் டிராக்டர் உள்ளே நின்று ஆரன் அடித்துக்கொண்டிருக்கும்.

சர்வரைப் பார்த்துக்கொள்பவள் தனுஷா. கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கடையின் பழைய கம்ப்யூட்டர்தான் சர்வர். காலேஜில் படிக்கும்போது ஆரம்பித்த விளையாட்டை, பரீட்சை, கடைத் திறப்பு, இரண்டு பெண்பார்க்கும் படலம் எல்லாவற்றையும் தாண்டி உயிரோடு வைத்திருந்தாள். பொங்கல் போட்டிக்கு முந்தின வாரம் மாரி போன் செய்தார்.

"இந்தத் தபாவும் இப்டியே தோத்தோம்னா, மலைல ஒருத்தன் போன்லயும் கேம் இருக்காதும்மா. மொத்தமா அழிச்சிட்றோம்."

"நீங்க போய்ட்டா தரைக்காரங்க யார்கூடண்ணா ஆடுவாங்க?"

"அவங்களுக்குள்ளாறயே ஆடிக்கட்டும். இப்ப மட்டும் இன்னா நடந்துக்கினு கீது?"

அவர் சொன்னதும் சரிதான். மலை போனால் விளையாட்டே போச்சு.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. சமநிலைக் குழுத் தலைவர் யோசனைப்படி ஒருமுறை ஜீப்பின் வேகத்தைக் கூட்டினார்கள். வளைவு திரையில் தெரிவதற்குள் ஜீப் பள்ளத்தில் கிடந்தது. பிறகு டிராக்டரின் வேகத்தைக் குறைத்தார்கள். இது விவசாயிகளுக்கு இழைக்கப்பட்ட துரோகம் என்று எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒருவர் கொதித்தெழுந்தார். அவர் செல்போன் கவர் விற்பவர்.

டீக்கடையில் அவசரக் கூட்டம் நடந்தது. "சமநிலை என்பது ஒரு தவம்," என்று தலைவர் தொடங்கினார். எல்லார் டீயும் ஆறிப்போனதும் முடித்தார். தனுஷாவும் சரத்குமாரும் சண்டை போட்டபடியே பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார்கள்.

"வாசல்ல கொஞ்சம் வுட்டுக் குடுத்தா இன்னாண்ணே?"

"காலியா கீது, பூந்துட்டேன். வாசல்னா பூர்றதுக்குத்தானம்மா வச்சிக்கிறீங்க?"

சங்கராபுரம் பஸ் வந்தது. இறங்குகிறவர்களை உள்ளேயே தள்ளிக்கொண்டு சரத்குமார் முதல் ஆளாக ஏறினார். ஏறியவர் அப்படியே நின்றார். காலியாக இருந்த ஒரே சீட்டின்மேல், யாரோ ஜன்னல் வழியாகப் போட்ட துண்டு கிடந்தது. அழுக்குத் துண்டு. ஓரத்தில் கிழிசல் வேறு.

தனுஷா கீழேயிருந்து கேட்டாள். "ஏண்ணே நிக்கிறீங்க? ஒக்காருங்க."

"துண்டு போட்டுக்கிறாங்க பாரு."

"ஆளையே காணோமே?"

"ஆளு டீ குடிக்கப் போயிருப்பான். துண்டு கீதுல்ல?" கோயில் உண்டியலை உடைக்கச் சொன்னவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

துண்டுக்காரர் வரவே இல்லை. பஸ் கிளம்பியது. துண்டு உட்கார்ந்துகொண்டு போனது, சரத்குமார் நின்றுகொண்டு போனார்.

மறுநாளே தனுஷா புது விதியைக் கொண்டுவந்தாள். அணிக்கு ஒரு துண்டு. ஆட்டம் தொடங்கியதும் எங்கிருந்து வேண்டுமானாலும் அதை ஆலை வாசலில் போடலாம். முதலில் விழுந்த துண்டுக்குத்தான் முதல் நுழைவு. எதற்கெடுத்தாலும் கொதிக்கும் குழுவில் ஒரு குரல்கூட எழவில்லை. செல்போன் கவர்க்காரர்கூட, "நியாயம்தான்," என்று போட்டார்.

பொங்கலன்று கல்யாண மண்டபத்தில் பெரிய திரை வைத்தார்கள். தலைவர் குத்துவிளக்கேற்றினார். தரை அணி போனும் கையுமாக முன்வரிசையில் உட்கார்ந்தது. மலை அணியின் குரல் வெள்ளிமலையிலிருந்து ஸ்பீக்கரில் வந்தது. ஆட்டம் தொடங்கிய நொடியே மாரி துண்டைப் போட்டார்.

"டிராக்டருக்கு இன்னாத்துக்குத் துண்டு?" என்று சிரித்துவிட்டு சரத்குமார் வண்டியை முறுக்கினார்.

கடைசி வளைவில் ஜீப் உறைந்து நின்றது. ஸ்பீக்கரிலும் சத்தமில்லை. டிராக்டர் வாசலுக்கு வந்துவிட்டது. வாசல் காலி. துண்டு மட்டும் கிடந்தது.

தனுஷா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அந்தத் துண்டு வெறும் படம் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். வண்டியைத் தடுக்கும் நிரலை எழுத அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. சரத்குமார் விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் டிராக்டர் துண்டுக்குள் புகுந்து ஆலைக்குள் போய்விடும். மலையும் போய்விடும்.

டிராக்டர் நின்றது. பின்னால் வந்த டிராக்டர்களும் வரிசையாக நின்றன.

"போண்ணே, காலியாத்தான கீது!" என்றது பின்வரிசை.

சரத்குமார் திரும்பி முறைத்தார். "டேய், துண்டு கீதுடா. சோறுதான துன்ற?" பிறகு திரையைப் பார்த்துக் கத்தினார். "யோவ் மாரி! எங்கய்யா கீற? சீக்கிரம் வாய்யா, எவ்ளோ நேரம் நிக்கிறது?"

தரை அணி மொத்தமும் சேர்ந்து கத்தியது. "மாரி! வாய்யா மாரி!"

ஜீப் அசைந்தது. வளைவைச் சுற்றிச் சரிந்து இறங்கியது. டிராக்டர்கள் ஒதுங்கி வழிவிட்டன. மரவள்ளிக்கிழங்கு குலுங்கக் குலுங்க ஜீப் துண்டின்மேல் ஏறி ஆலைக்குள் நுழைந்தது.

"பூந்துட்டோம்! மலை பூந்துட்ச்சிய்யா!" ஸ்பீக்கர் கிழிந்தது. மண்டபமே எழுந்து நின்றது. தோற்ற சரத்குமார்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார். "துண்டு போட்டவன் ஒக்காந்தான். அவ்ளோதான் கணக்கு!"

தனுஷா நாற்காலியின்மேல் ஏறி நின்று விசிலடித்தாள். அவளுக்குப் போர்த்த எடுத்த பொன்னாடையை, போட்டோக்காரர் தயாராக இருந்ததால், தலைவர் தானே போர்த்திக்கொண்டார். அன்று மாலைக்குள் மலையில் முன்பே விளையாட்டை அழித்தவர்களும் மறுபடி இறக்கிக்கொண்டார்கள். தடுக்கும் நிரலை இனி எழுதவே போவதில்லை என்று தனுஷா முடிவு செய்தாள். சமநிலை நிலைநாட்டப்பட்டுவிட்டதாகத் தலைவர் அறிக்கை விட்டார், அதே படத்தோடு.

மறுநாள் காலை மாரியிடமிருந்து புகார் வந்தது: தரைக்காரர்களின் துண்டு ஜாஸ்தி நீளமாம்.

இரண்டு துண்டும் ஒரே படம்.