எதிர்க்கடை வரிசை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சித்தியின் அறிக்கையை அடுக்கி ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்தபோது பதினான்காம் பக்கத்தைப் படித்துவிட்டேன். அடுக்குவதுதான் என் வேலை, படிப்பதல்ல.

சித்தி, வழக்குகளுக்கு நஷ்டத்தை மதிப்பிடும் பொருளாதார ஆலோசகர். தப்பு நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதி, கோர்ட்டில் அதற்குச் சத்தியம் செய்வாள். நானும் நடக்காததைத்தான் எழுதுகிறேன். சத்தியம் கிடையாது.

2

முதல் தொடக்கம்: "வெயில் கொளுத்திய மத்தியானம், ஐஸ்கிரீம் கடை அக்காவின் கண்கள் கலங்கி..."

[வேண்டாம். அக்கா அழவே இல்லை.]

இரண்டாவது: கோடை பிறந்த வாரம் அக்காவின் புது ஃப்ரீசர் படுத்துவிட்டது. விற்ற கம்பெனி நான்கு மாதம் எட்டிப் பார்க்கவில்லை. கடை மூடிக் கிடந்தது. அக்கா கம்பெனிமேல் கேஸ் போட்டாள்; நஷ்டக் கணக்கு சித்தியிடம் வந்தது. நஷ்டஈடு வந்தால் திறப்பாள்; வராவிட்டால் கட்டட ஓனரிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

[இது பரவாயில்லை.]

3

"நிறைய வேணாம் மேடம். நான் எவ்வளவு வித்திருப்பேனோ அது போதும்."

"அதைத்தாம்மா தேடுறேன். ஜட்ஜுக்கு ஐஸ்கிரீமே பிடிக்காதுன்னு வச்சுக்கிட்டுத்தான் எழுதணும்."

அக்கா சிரித்தாள். சித்திக்கோ சிக்கல். கடை தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒப்பிட முந்தின கோடை இல்லை. அதனால் தெருவுக்கு எதிர்ப்பக்கத்து ஐஸ்கிரீம் கடையை அளவுகோலாக எடுத்தாள். அந்த நான்கு மாதத்தில் அங்கே விற்பனை இரண்டு மடங்கு. அக்காவின் கடையும் அதே வேகத்தில் போயிருக்கும் என்று எழுதினாள். அதுதான் பதினான்காம் பக்கம்.

4

(ஓரக்குறிப்பு: அந்தக் கோடையில், மூடின ஷட்டரைப் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி எதிர்க்கடை வரிசையில் நானும் நின்றேன். எனக்கு முன்னால் பதினொரு பேர். பாதிக்கு மேல் அக்காவிடம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்.)

எதிர்க்கடை கொழுத்ததே அக்கா மூடியதால்தான். நஷ்டத்தை அளக்க எடுத்த கோலை அந்த நஷ்டமே நீட்டிவிட்டது.

சித்தி எப்படிக் கவனிக்காமல் விட்டாள்? [அவசரக்காரி என்று எழுதி அடித்தேன். பொய்.] அவளுக்கு அக்காவைப் பிடித்துப்போயிருந்தது.

5

முடிவு அ: சொல்கிறேன். தொகை பாதியாகிறது. அந்தப் பாதியில் கடை திறக்குமா, தெரியாது.

முடிவு ஆ: சொல்லவில்லை. கம்பெனி வக்கீல் கேட்கிறார்: "அந்த வரிசையில நின்னவங்க எங்கேருந்து வந்தாங்க மேடம்?" அறிக்கை மொத்தமும் குப்பைக்குப் போகிறது. அக்காவுக்குப் பாதிகூட இல்லை. சித்தியை இனி யாரும் கூப்பிடப்போவதில்லை.

முடிவு இ: யாரும் கேட்கவில்லை. அக்கா கடை திறந்து எனக்கு ஓசியில் ஒரு கப் நீட்டுகிறாள், நான் அதை

[மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். சாப்பிட வைக்க முடியவில்லை.]

6

நாளை அறிக்கை கோர்ட்டுக்குப் போகிறது. சித்தி தாள்கட்டைக் கையில் வாங்கினாள்.

"என்னடி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? பக்கத்த மாத்தி வச்சிட்டியா?"

"பதினாலாம் பக்கம், சித்தி..."

"அதுக்கென்ன?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நகத்தால் பின்னை நெம்பினாள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் உருவி முன்னால் வைத்தாள்.

"சொல்லு."

இங்கே நிறுத்துகிறேன். அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். இவ்வளவு தூரம் படித்துவிட்ட நீங்களும் என்னோடு அந்த வரிசையில் நின்றவர்தான். மீதியை நீங்கள் சொல்லுங்கள்:

"சித்தி, அந்தக் கோடையில நாங்க