தொண்ணூற்றெட்டே போதும்

தியோடருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஏழாம் பொருத்தம். வங்கியில் வேலை பார்த்த காலத்தில் மெஷின் மக்கர் செய்தால், பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அப்படிப்பட்ட மனிதர் எழுபது வயதுக்கு மேல், செங்கல் கனம் கனக்கும் பழைய லேப்டாப் ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, காக்ஸ் டவுனிலிருந்து, கம்ப்யூட்டர் கடைகள் நெருக்கியடிக்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் பஸ் ஏறி அலைந்தார் என்றால், எல்லாம் பவுலினுக்காகத்தான்.

பவுலின் அவர் மனைவி. பங்குக் கோயிலின் செய்திமடலை வருஷக்கணக்காக இந்த லேப்டாப்பில்தான், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தட்டச்சு செய்தாள். ஞானஸ்நானமோ கல்யாணமோ சாவோ, அவள் விரலைத் தாண்டித்தான் பங்கு மக்களுக்குத் தெரியவரும். இப்போது அவளுக்கு மறதி நோய். மகள் சிந்தியாவைச் சில நாள் தெரிகிறது. தியோடரை ஒரு நாளும் தெரிவதில்லை. "சார், நீங்க சாப்ட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பாள். முன்பெல்லாம் அவரை வாய் ஓயாமல் திட்டியவள். அந்தத் திட்டைக்கூடத் தாங்கிவிடலாம், இந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஆனால் விரல்களுக்கு மறதி வரவில்லை. சோற்றுத் தட்டின் ஓரத்திலும் ஜெபமாலை சொல்லும்போது மடியிலும் அவை தட்டிக்கொண்டே இருந்தன. அதைப் பார்த்துத்தான் தியோடருக்கு அந்த ஆசை வந்தது. மெஷினை ஓட வைத்துக் கொடுத்தால், அடிக்கிற எதிலாவது தன் பெயர் வரும். பெயர் வந்தால் ஆளும் நினைவுக்கு வருவார். இதை டாக்டர் சொல்லவில்லை. அவராகவே கட்டிய கோட்டை.

லேப்டாப்பின் டிஸ்க் எப்போதோ செத்திருந்தது. கடைக்காரர் சாய்கிருஷ்ணா வேறு டிஸ்க் மாட்டி, பழைய மெஷினுக்கென்றே வந்த புது சிஸ்டம் ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். "தமிளும் இருக்கு அங்கிள், டென்ஷன் பேடா," என்று கவலை வேண்டாமெனக் கன்னடத்தில் முடித்தார்.

பவுலின் உட்கார்ந்தாள். இரும்புத் தட்டச்சு மெஷினில் கற்றவள் அவள். 'கெ' அடிக்க வேண்டுமானால் முதலில் கொம்பு, அப்புறம்தான் எழுத்து. புது சிஸ்டத்தில் எழுத்துதான் முதலில். அவள் கொம்பை அடித்ததும் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வெற்று வட்டம் வந்து நின்றது. அடுத்த சொல்லிலும் வட்டம். நாலைந்து வட்டங்களுக்குப் பிறகு அவள் கையை எடுத்துவிட்டாள்.

"எனக்கு மறந்து போச்சு சார். ஃபாதர் கிட்ட வேற ஆள் பாக்கச் சொல்லிடுங்க."

அன்று சாப்பிடும்போது அவள் விரல்கள் தட்டவில்லை. மறுநாளும் தட்டவில்லை. மிச்சமிருந்த ஒன்றையும் தானே கெடுத்துவிட்டோமோ என்று தியோடர் நினைத்தார். அலமாரியைக் குடைந்து, பவுலினின் பழைய தமிழ் மென்பொருள் சிடியைத் தேடியெடுத்துக்கொண்டு மறுபடி எஸ்.பி. ரோட்டுக்கு ஓடினார்.

சாய்கிருஷ்ணா சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது தொண்ணூத்தெட்டு சிஸ்டம் காலத்து சரக்கு அங்கிள். அதுக்கப்புறம் வந்த எக்ஸ்பி சிஸ்டம் போடறேன். பென் டிரைவ் எடுக்கும், பிரிண்டர் ஓடும். இந்த தமிள் ஓடுமான்னா, கேரண்டி சொல்ல மாட்டேன். எழுத்துக்குப் பதிலா கட்டம் கட்டமா வந்தாலும் வரும்."

"அந்தத் தொண்ணூத்தெட்டு சிஸ்டமே போட்டா?"

"தமிள் பக்காவா ஓடும். ஆனா வேற ஒண்ணும் ஒட்டாது. ஆண்ட்டி அடிக்கறது அந்தப் பொட்டிக்குள்ளயே கெடக்கும், வெளிய வராது. என்னா யூஸ்?"

"கெடக்கட்டும்பா. வெளிய வந்து ஆகப்போறது ஒண்ணும் இல்ல. அவ கைக்குத் தெரிஞ்சதா இருந்தா போதும்."

பழைய சிஸ்டம் ஏறி மெஷின் வீட்டுக்கு வந்தது. காலைப் பூசை முடிந்து வந்த பவுலின் அதன் முன்னால் உட்கார்ந்தாள். முதலில் ஒற்றை விரலால் கொம்பை அடித்தாள். அடுத்து எழுத்து. இரண்டும் ஒட்டிக்கொண்டன. அவ்வளவுதான், மழை பிடித்துக்கொண்ட மாதிரி பத்து விரலும் இறங்கின. தியோடர் அடுப்படியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனை வருஷமாயிற்று, இந்த வீட்டில் இந்தச் சத்தம் கேட்டு!

சத்தம் நின்றது.

"சார், கொஞ்சம் வர்றீங்களா? பிழை இருக்கான்னு படிச்சுப் பாருங்க. ஞாயித்துக்கெழம மடல்ல வரணும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அவர் எதிர்பார்த்த பெயர் இருந்தது, முதல் வரியிலேயே.

'மரண அறிவிப்பு. காக்ஸ் டவுன் திரு. தியோடர் அவர்கள் இறைவனடி சேர்ந்தார். மனைவி பவுலின், மகள் சிந்தியா ஆகியோர் ஆழ்ந்த துயரத்தில் உள்ளனர். அன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபிக்கவும்.'

தியோடர் அதை மறுபடி முதலிலிருந்து படித்தார். இத்தனை நாள் அவள் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று மருகியிருந்தார். கேட்க என்ன இருக்கிறது? அவள் கணக்கில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் விதவையாக, ஒரு நல்ல அந்நியரின் வீட்டில் மரியாதையாக நடந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"பிழை இருக்கா சார்?"

"இல்லம்மா. எல்லாம் சரியா இருக்கு."

"நல்ல மனுசன் சார் அவர். நான்தான் எப்பவும் திட்டிட்டே இருப்பேன். நீங்க பாத்திருக்கீங்களா அவர?"

"பாத்திருக்கேன்மா."

அவள் முகம் கோணியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, புருஷனை இழந்தவள் அழும் அழுகை அழுதாள். தியோடரின் கை தானாக அவள் தோள்வரை போயிற்று. பவுலின் அந்நிய ஆண் தொடுவதைப் பொறுக்கமாட்டாள். அவர் கையை இழுத்துக்கொண்டு, அவளுக்குத் தண்ணீர் கொண்டுவர அடுப்படிக்குப் போனார்.