ஏறாத கிளவுஸ்

பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற மேசையோரம் நின்று காசிமாயன், கத்தி படாமலிருக்கப் போடுகிற ஸ்டீல் கிளவுஸை இடக்கையில் இழுத்து இழுத்துப் பார்த்தான். பெருவிரல் முட்டோடு நின்றுவிட்டது. சித்திரையில் தொளதொளவென்று கிடந்த கிளவுஸ்தான்.

"மொதத் தண்ணிக்கே சுருங்கிப்போவ அது என்ன பனியனாலே?" துணி விரித்துக்கொண்டிருந்த ஆரோக்கியராஜ் சிரித்தான். "ஒங் கைதாம்லே வளருது."

"மோதிரத்தையே ஆசாரி அறுத்துத்தாண்ணே எடுத்தாரு. நாகஜோதி என்னடான்னா, எம் புருசன் மலையாட்டம் ஆயிட்டான்னு காம்பவுண்டு பூராம் சொல்லிட்டுத் திரியுறா."

சொல்லும்போது அவனுக்கும் பெருமைதான். கம்பெனி கபடி டீமில் பாடிப் போகிறவன் அவன். முதலாளி வரவழைக்கிற சத்து ஊசிக் குப்பிகள் கேன்டீன் ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அதைப் போட ஆரம்பித்ததிலிருந்து, பிடித்தவனையும் இழுத்துக்கொண்டே கோட்டுக்கு வந்துவிடுகிறான். காலையில் விரல்கள் மரத்துக் கிடக்கும். உதறினால் சரியாகிவிடும்.

கோப்பை ஜெயித்த அன்று ஒரு டாக்டர் அவனைத் தனியே கூட்டிப்போய் மூத்திரம் பிடித்துக்கொண்டு போனார். ஊசி போட்டது தெரிந்தால் கோப்பை போகும். ஜெயித்தால் நிரந்தரக் கட்டர் வேலை என்று முதலாளி கொடுத்த வாக்கும் போகும். இன்றைக்கு முடிவு வருகிறது.

சாப்பாட்டு மணிக்கு முன்னால் முதலாளி சிவசுப்பிரமணியம் மைசூர்பாகு டப்பாவோடு வந்தார்.

"ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சு கண்ணு! மூத்திரத்துல அது சிக்காதாமா. ரத்தம் எடுத்துப் பாக்கோணும், அதும் ஊசி போட்ட சூட்டோட பாக்கோணும். அவ்வளவு மெனக்கெட ஆரு இருக்கறாங்க?"

"அப்ப வேலைங்க மொதலாளி?"

"இன்னீல இருந்து நீ நம்ம கம்பெனிக் கட்டரு."

ஆரோக்கியராஜ் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். காசிமாயனுக்குக் கண் கலங்கியது. நாகஜோதியிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகுதான் கையை நீட்டினான்.

"கிளவுஸ்தாங்க ஏற மாட்டேங்குது. அந்த ஊசி ஒண்ணும் பண்ணாதுங்களே?"

முதலாளி அந்தக் கையைச் சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டெஸ்டுலயே ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சே கண்ணு! பெரிய கிளவுஸா ஒண்ணு வாங்கச் சொல்றன். இப்ப ஓட்டு, சாயங்காலம் கண்டெய்னர் நிக்குது. பொள்ளாச்சி மேட்ச் வருது, ஊசிய மறந்துராத."

அதானே, டெஸ்டிலேயே ஒன்றுமில்லையே. காசிமாயனுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. கிளவுஸை ஆணியில் மாட்டினான். மைசூர்பாகை வாயில் அதக்கிக்கொண்டு மெஷினை ஓட விட்டு, வெறும் கையால் துணியை அமுக்கினான். கத்தி, பனியன் கழுத்துக்கு வரைந்திருந்த வளைவில் திரும்பியது.

"வெரல எடுலே!" ஆரோக்கியராஜ் அலறினான்.

காசிமாயன் குனிந்து பார்த்தான். விரல் நுனி கத்தியை ஒட்டி இருந்தது. மரத்த விரலில் அவனுக்கு ஒரு உணர்வுமே தெரியவில்லை. சிரித்துக்கொண்டே கையை இரண்டு உதறு உதறி, மறுபடியும் துணிமேல் வைத்தான்.